வெள்ளை ஈயைக் கொன்ற பிறகும் தக்காளியில் இலைச்சுருட்டல் ஏன் பரவுகிறது?

கேள்வி இது: நட்டு ஐந்து வாரம் ஆன தக்காளியில் நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரங்கள் மஞ்சளித்து, செடி வளராமல் குறுகி நிற்கிறது. வெள்ளை ஈ கண்ணில் பட்டதுமே மருந்து அடித்தாயிற்று. ஈக்கள் குறைந்துவிட்டன. ஆனால் சுருண்ட செடிகளின் எண்ணிக்கை மட்டும் வாரத்துக்கு வாரம் கூடுகிறது. மருந்து சரியில்லையா, அல்லது இந்த நோய் வேறு எதனாலோ வருகிறதா?

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. இன்று சுருண்டு தெரியும் செடிக்குள் வைரஸ் புகுந்து ஏற்கெனவே இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். நீங்கள் கொன்றது இன்றைய ஈக்களை. பார்ப்பது அன்றைய ஈக்கள் செய்த வேலையை. அடுத்த இரண்டு வாரத்தில் சுருளப்போகும் செடிகள் இப்போது பச்சையாக, நலமாகத்தான் தெரியும். ஆனால் அவற்றுக்குள்ளும் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது. இந்தக் கால இடைவெளி புரியாததால்தான் மருந்துக்கு மேல் மருந்து அடித்து மனம் நொந்துபோகிறார்கள். ஆகவே பூச்சியின் வாயிலிருந்து தொடங்கி, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெள்ளை ஈ என்பது அசுவினி, மாவுப்பூச்சி, செதிள்பூச்சி ஆகியவற்றின் உறவுக்காரப் பூச்சி. தக்காளிக்குப் பெரும் சேதம் செய்வது பெமிசியா டபாசி. 1889இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் கண்டு முதலில் விவரிக்கப்பட்டது. வளர்ந்த பூச்சி ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடலும் இறக்கையும் வெண்ணிற மெழுகுத்தூள் படிந்தவை. 600க்கும் மேற்பட்ட செடி வகைகளில் இதனால் பிழைக்க முடியும். ஒரே பெயரில் அழைத்தாலும் இது ஒரே இனம் அல்ல. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாத, தமக்குள் இனம் சேராத 30க்கும் மேற்பட்ட இனங்களின் தொகுப்பு என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலகெங்கும் அதிகம் பரவியவை இரண்டு: முன்பு 'பி' வகை என்றும் 'கியூ' வகை என்றும் அழைக்கப்பட்டவை. ஓரிடத்தில் கேட்ட மருந்து இன்னோர் இடத்தில் கேட்காமல் போவதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

பெண் பூச்சி முட்டைகளை இலையின் அடிப்பக்கத்தில் இடுகிறது. ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சிறு காம்பு உண்டு. அந்தக் காம்பு இலைத் திசுவுக்குள் செருகப்பட்டிருக்கும். பொரித்து வரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, நல்ல இடம் பார்த்து வாயைச் செருகி, அங்கேயே தங்கிவிடும். அதன் பிறகு வளர்ந்து இறக்கை முளைத்து வெளியேறும்வரை அது இடம் மாறுவதில்லை. தட்டையாக, வெளிர்மஞ்சளாக, செதில் போல ஒட்டியிருக்கும் இந்தப் பருவத்தைப் பலர் பூச்சி என்றே எண்ணுவதில்லை. 28 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் இருந்தால் முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ மூன்று வாரம் போதும். குளிர் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். ஒரு பெண் பூச்சி 100 முதல் 300 முட்டைகள்வரை இடக்கூடியது. ஆண் துணை இல்லாமலே கூட இடும். அப்படி இட்ட முட்டைகளிலிருந்து ஆண் பூச்சிகள் மட்டும் வரும்.

இனி வாய். வெட்டுக்கிளியோ வண்டோ இலையைக் கடித்துத் தின்னும்போது செல்கள் கிழிந்து சாகின்றன. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். செத்த செல்லில் விட்டால் அதற்குப் பயனில்லை. வெள்ளை ஈயின் வாய், நுண்ணிய இழைகள் சேர்ந்த ஒரு குழாய். அது பெரும்பாலும் செல்களைக் குத்திக் கிழிக்காமல் அவற்றுக்கு இடையேயுள்ள வழியில் நெளிந்து சென்று, செடி தன் சர்க்கரைச் சாற்றைக் கடத்தும் புளோயம் குழாயை அடைகிறது. அங்கே முதலில் உமிழ்நீரைச் செலுத்துகிறது, பிறகு சாற்றை உறிஞ்சுகிறது. செடி காயத்தை உணர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடாமல் இருக்க அந்த உமிழ்நீர் உதவுகிறது. தக்காளியின் இலைச்சுருட்டல் வைரஸோ புளோயத்தை விட்டு வெளியே அதிகம் வராத வைரஸ். அது போக வேண்டிய இடமும் பூச்சி வாய் வைக்கும் இடமும் ஒன்றே. மற்றப் பூச்சிகள் எத்தனையோ தக்காளியைத் தின்றாலும் இந்த வைரஸை அவை பரப்பாததற்கு இது முதல் காரணம்.

வைரஸைப் பார்ப்போம். இலைச்சுருட்டலை உண்டாக்குபவை பெகோமோவைரஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தப் பேரினத்தில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. செடி வைரஸ்களில் இவ்வளவு பெரிய பேரினம் வேறில்லை. அதிகம் ஆராயப்பட்டது தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸ். யோர்தான் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும் தக்காளி வயல்களை அழித்த நோயிலிருந்து அடையாளம் காணப்பட்டு, 1960களில் பெயர் பெற்றது. அதன் மரபுப் பொருள் 1991இல் முழுமையாகப் படிக்கப்பட்டது: ஒற்றை இழை டிஎன்ஏ, வட்ட வடிவம், மொத்தம் 2,787 எழுத்துகள். பாடப்புத்தகங்கள் சொல்லும் மரபணுக்கள் ஆறுதான். தக்காளி இலைச்சுருட்டல் புதுதில்லி வைரஸ் போன்ற சிலவற்றில் இதே அளவுள்ள இரண்டு டிஎன்ஏ வட்டங்கள் உண்டு. ஒவ்வொரு வட்டமும் தனித்தனித் துகளில் அடைபட்டிருப்பதால் செடி நோயுற இரண்டும் வந்து சேர வேண்டும்.

இவ்வளவு சிறிய வைரஸ் தன்னை நகலெடுக்கத் தேவையான நொதியைக்கூட வைத்திருக்கவில்லை. செடியின் செல்லில் உள்ள டிஎன்ஏ நகலெடுக்கும் ஏற்பாட்டையே எடுத்தாள்கிறது. ஆனால் முதிர்ந்த செல்கள் பிளவுபடுவதை நிறுத்தியவை. அந்த ஏற்பாடு அவற்றில் உறங்கிக் கிடக்கும். வைரஸின் புரதங்கள் அதைத் தட்டி எழுப்புகின்றன. கூடவே, செடி வைரஸை அடையாளம் கண்டு அதன் மரபணுக்களை அடக்கும் தற்காப்பையும் முடக்குகின்றன. இலை விரியும்போது இலையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே அளவில் வளர வேண்டும். அந்த ஒழுங்கு கெடுவதால்தான் இலை சுருள்கிறது. இலை ஓரத்தின் மஞ்சளிப்பு, கணுக்கள் நெருங்கிச் செடி புதராவது, பூ உதிர்வது எல்லாம் இதைத் தொடர்ந்து வருபவை. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே விரிந்து முதிர்ந்த இலை சுருளாது. புதிதாக வளரும் இலைதான் சுருளும். எனவே செடியில் எந்த உயரத்திலிருந்து சுருட்டல் தொடங்குகிறது என்று பார்த்தாலே, அது எந்த வயதில் தொற்றுக்கு ஆளானது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடியிலிருந்தே சுருண்டிருந்தால் நாற்றிலேயே வந்தது.

இப்போது பூச்சிக்குள் நடப்பது. இந்த விஷயத்தில் மிகவும் வியப்பான பகுதி இதுதான் என்பேன்.

நோயுள்ள செடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும் ஈயின் வாய்க்குழாய் வழியே வைரஸ் துகள்கள் உள்ளே போகின்றன. ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 20க்கு 30 நானோமீட்டர், இரண்டு பாதிகள் ஒட்டிப் பிறந்த இரட்டை வடிவம். தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்: ஈக்களை நோய்ச் செடியில் விட்டு, குறித்த நேரங்களில் எடுத்து, உடலின் எந்தப் பகுதியில் வைரஸ் இருக்கிறது என்று தேடினார்கள். தலையில் 10 நிமிடத்தில் தென்பட்டது. நடுக்குடலில் 40 நிமிடத்தில். குடல் சுவரைத் தாண்டிப் பூச்சியின் இரத்தத்தில் 90 நிமிடத்தில். உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய மேலும் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. எட்டு மணி நேரம் ஆனபோது அந்த ஈ வேறொரு செடிக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிட்டது.

காலையில் நோய்ச் செடியில் உட்கார்ந்த ஈ, அன்று மாலைக்குள் நோய் பரப்பியாகிவிடுகிறது. அதன் பிறகு அதன் வாழ்நாள் முழுவதும், வாரக்கணக்கில், வைரஸ் அதன் உடலில் இருக்கும். வயதாக ஆகப் பரப்பும் திறன் குறையுமே தவிர அற்றுப்போவதில்லை. குஞ்சுப் பருவத்தில் நோய்ச் செடியிலேயே வளர்ந்த பூச்சியும், இறக்கை முளைத்து வெளிவந்த பின் வைரஸைப் பரப்பக்கூடியது.

குடல் சுவரையும் சுரப்பிச் சுவரையும் கடப்பது எளிதல்ல. இரண்டு இடத்திலும் பூச்சியின் செல்கள் வைரஸின் மேலுறைப் புரதத்தை அடையாளம் கண்டு உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். பெகோமோவைரஸின் மேலுறைப் புரதத்தை மாற்றினால் வெள்ளை ஈ அதைப் பரப்ப முடியாமல் போவது சோதனைகளில் உறுதியாகியிருக்கிறது. இடையில் பூச்சியின் இரத்தத்தில் ஆபத்தும் உண்டு. அங்கே அந்நியத் துகளைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. அங்கே வைரஸைக் காப்பது பூச்சியின் உடலில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. ஹாமில்டனெல்லா என்ற அந்த பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம் வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதையாமல் வைத்திருக்கிறது. செடி, வைரஸ், பூச்சி, பூச்சிக்குள் பாக்டீரியா என்று நான்கு உயிர்கள் சேர்ந்துதான் ஒரு தக்காளி இலையைச் சுருட்டுகின்றன.

வைரஸ் பூச்சிக்குள் பெருகுகிறதா என்பதில் பல ஆண்டுகளாக விவாதம் நடந்தது. பெருகுவதில்லை, பயணம் மட்டும் செய்கிறது என்பதே பழைய பாடம். ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸ் வெள்ளை ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில், பூச்சியின் சொந்த நகலெடுக்கும் நொதியைப் பயன்படுத்திப் பெருகுவதைக் காட்டியது. வயலில் நிற்பவருக்கு இந்த வேறுபாட்டால் உடனே எதுவும் மாறப்போவதில்லை. இந்த வைரஸுக்கும் பூச்சிக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு ஆழமானது என்பதை அது சொல்கிறது.

எல்லா வைரஸும் இதே வழியில் போவதில்லை. தக்காளி வெளிர்மை வைரஸ் என்று ஒன்று உண்டு. 1998இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து விவரிக்கப்பட்டது. இது கிரினிவைரஸ் வகை, ஆர்என்ஏ வைரஸ். இந்த வகை வைரஸ் பூச்சியின் உடலுக்குள் சுற்றி வருவதில்லை. வாய்க்கு அடுத்த முன்குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த செடியில் வாய் வைக்கும்போது இறங்குகிறது. காத்திருப்பு நேரம் கிடையாது. ஆனால் சில நாட்களில் தீர்ந்துவிடும். பூச்சி தோலுரித்தால் அதோடு போய்விடும். அறிகுறியும் வேறு: அடி இலைகளில், நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகி, இலை தடித்து, கிள்ளினால் நொறுங்கும். இதை மக்னீசியம் குறைபாடு என்று எண்ணி உரம் தெளித்துக் காத்திருப்பவர்கள் ஏராளம். இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வைரஸைப் பசுமைக்குடில் வெள்ளை ஈ என்ற வேறோர் இனம் மட்டுமே பரப்பும். ஸ்பெயினிலிருந்து விவரிக்கப்பட்ட டொராடோ வைரஸும் வெள்ளை ஈ வழியே வருவதுதான். இலையில் தீப்பட்டது போன்ற கருகல் புள்ளிகள் அதன் அடையாளம்.

அடுத்து, ஈக்கள் குறைந்த பிறகும் நோய் ஏன் குறையவில்லை என்ற பகுதி.

சாறு உறிஞ்சுவதால் மட்டும் ஏற்படும் சேதத்துக்கு எண்ணிக்கை வேண்டும். இலைக்கு நான்கைந்து ஈ வந்தாலும் செடி தாங்கும்; பெருங்கூட்டம் வந்தால்தான் தேன்துளி வடிந்து கரும்பூசணம் படரும். வைரஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வைரஸ் ஏந்திய ஒரே ஓர் ஈ ஒரு செடியை நோயாளியாக்க முடியும். ஐந்து முதல் பதினைந்து ஈக்கள் சேர்ந்து உட்கார்ந்தால் அநேகமாக உறுதி. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் செடி உள்ள வயலில் செடிக்கு ஒரே ஓர் ஈ. அவற்றில் நூற்றுக்கு ஐந்தில் மட்டும் வைரஸ். ஐம்பது ஈக்கள். ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் நான்கு செடி மாறி உட்கார்ந்தால் இருநூறு செடிகளைத் தொட்டுவிடும். இலையைத் திருப்பிப் பார்த்தால் நீங்கள் "ஈயே இல்லை" என்றுதான் சொல்வீர்கள். ஆகவே இத்தனை ஈக்கு மேல் போனால் மருந்து அடிக்கலாம் என்ற பொருளாதாரச் சேதநிலை அளவுகோலை வைரஸ் உள்ள பகுதியில் நான் நம்புவதில்லை.

அதோடு, வைரஸ் பூச்சியின் போக்கையே மாற்றுகிறது. தக்காளி மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸில் செய்த சில ஆய்வுகளில், வைரஸ் இல்லாத ஈக்கள் நோயுற்ற செடியையே அதிகம் நாடின. வைரஸ் ஏந்திய பிறகு அதே ஈக்கள் நலமான செடியை நாடின. வைரஸ் ஏந்திய ஈ அதிக முறை குத்துவதும், அதிக நேரம் உமிழ்நீர் விடுவதும் பதிவாகியிருக்கிறது. வைரஸுக்கு இதைவிடச் சாதகம் வேறென்ன வேண்டும்! சில பெகோமோவைரஸ்களோடு பீட்டா துணைக்கோள் என்ற சிறு டிஎன்ஏ வட்டமும் சேர்ந்து வரும். அது செடியின் பூச்சி எதிர்ப்புச் சக்தியையும் தாழ்த்தி, அந்தச் செடியில் ஈக்கள் இன்னும் நன்றாகப் பெருகும்படி செய்கிறது.

பூச்சிக்கொல்லியின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. பக்கத்து வயலிலிருந்து வைரஸோடு பறந்து வரும் ஈக்கு உங்கள் செடியில் வைரஸை இறக்கப் பல மணி நேரம் தேவையில்லை. கால் மணி, அரை மணி போதும். ஊடுருவிப் பாயும் மருந்து செடிக்குள் இருந்தாலும், அந்தச் செடியின் சாற்றைக் குடித்த பிறகுதான் ஈ சாகும். சாவதற்கு முன் அது உமிழ்ந்தாயிற்று. வயலுக்குள்ளேயே ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் பரவுவதை மருந்து குறைக்கும், அதில் ஐயமில்லை. வெளியிலிருந்து புதிதாக வருவதைத் தடுக்காது. சயன்ட்ரனிலிப்ரோல் போன்ற, ஈயை மிக விரைவில் உண்ணவிடாமல் நிறுத்தும் மருந்துகள் இதில் மேலானவை. அவையும் முழுக் காப்பு அல்ல.

எதிர்ப்புத்திறன் இன்னொரு தொல்லை. முன்பு சொன்னேன், கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும் என்று. அந்த ஆணிடம் ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதிதான். மருந்தைத் தாங்கும் மரபணு வந்துவிட்டால் அதை மறைக்க மறு பிரதி இல்லை. ஆகவே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, தாங்கும் ஆண்கள் மட்டும் பிழைத்து, அந்த மரபணு வேகமாகக் கூட்டம் முழுதும் பரவுகிறது. இமிடாகுளோப்ரிட் உள்ளிட்ட நியோநிகோடினாய்டு மருந்துகளுக்கு 'கியூ' வகை ஈ பல நாடுகளில் அசையாமல் நிற்பது தெரிந்ததே. பரந்த அளவில் கொல்லும் மருந்துகளோ என்கார்சியா, எரெட்மோசீரஸ் ஆகிய ஒட்டுண்ணிக் குளவிகளையும் சேர்த்துக் கொல்கின்றன. அந்தக் குளவிகள் வெள்ளை ஈக் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிப்பவை. அவை போன பிறகு ஈக்கள் முன்னைவிட வேகமாக ஏறும். மருந்து அடிக்க அடிக்க ஈ கூடுகிறது என்று விவசாயிகள் சொல்வது வெறும் புலம்பல் அல்ல.

சரி, எதுதான் பயன் தரும்? என் கருத்தில் பாதிக்கு மேற்பட்ட வெற்றி நாற்றங்காலில் இருக்கிறது. நடவுக்கு முன்னும், நட்ட முதல் நான்கைந்து வாரமும் தொற்று வந்தால் அந்தச் செடி காய்ப்பது அபூர்வம். வயல் முழுக்க அப்படியானால் விளைச்சல் முற்றிலும் போகலாம். காய் பிடித்த பிறகு வந்த தொற்று நுனியைச் சுருட்டும், ஆனால் கீழே உள்ள காய்கள் பெரும்பாலும் தேறிவிடும். எனவே முயற்சியெல்லாம் அந்த முதல் வாரங்களில் குவிய வேண்டும். நாற்றைக் குழித்தட்டில், 50 மெஷ் அளவுள்ள பூச்சிபுகா வலைக்குள் வளர்க்க வேண்டும். சாதாரண நிழல்வலை போதாது. அதன் கண்ணில் ஈ தாராளமாக நுழையும். 50 மெஷ் வலையின் துளை கால் மில்லிமீட்டர் அளவுதான். வலை நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறைந்து உள்ளே வெப்பம் ஏறும் என்பதால் கூரையை உயர்த்திக் கட்டுவது நல்லது. உள்ளே போக இரட்டைக் கதவு வேண்டும். வலையில் ஒரு கிழிசல் இருந்தாலும் அந்த நாற்றங்கால் திறந்த வெளிக்குச் சமம். நாற்றை வெளியில் வாங்குபவர்கள் அது எந்த மாதிரி இடத்தில் வளர்ந்தது என்பதை நேரில் போய்ப் பார்ப்பதைவிட முக்கியமான வேலை இந்தப் பயிரில் இல்லை. பச்சையாக, அழகாக இருக்கும் நாற்றுக்குள் வைரஸ் இருக்கலாம். அறிகுறி காட்ட அதற்கு இன்னும் நாள் ஆகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, பழைய பயிர். பறித்து முடித்த தக்காளி வயலை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புது நடவு செய்வது, வைரஸையும் ஈயையும் கைப்பட எடுத்துக் கொடுப்பதாகும். பழைய பயிரை அழிக்கும்போதும் ஒரு முறை உண்டு: முதலில் ஈக்களைக் கொல்லும் மருந்தை அடித்துவிட்டு, பிறகு பிடுங்க வேண்டும். மருந்து அடிக்காமல் பிடுங்கினால், செடி வாடத் தொடங்கியதும் அதிலிருந்த ஈக்கள் வைரஸோடு கூட்டமாகக் கிளம்பி அடுத்த பசுமையைத் தேடும். பெரும்பாலான ஈக்கள் அதிக தூரம் போவதில்லை; சில, காற்றோடு கிலோமீட்டர் கணக்கில் போகும்.

ஒரு பகுதியே சேர்ந்து இடைவெளி விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு டொமினிக்கன் குடியரசு சிறந்த சான்று. 1990களின் தொடக்கத்தில் மஞ்சள் இலைச்சுருட்டல் வைரஸ் அங்கே நுழைந்து, ஆலைக்கான தக்காளிச் சாகுபடியைக் கவிழ்த்துவிட்டது. அரசு ஆண்டுக்கு மூன்று மாதம் தக்காளியும் வெள்ளை ஈ விரும்பும் மற்றப் பயிர்களும் நிலத்தில் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அந்த இடைவெளியில் ஈக்களின் எண்ணிக்கையும் வைரஸும் அடிமட்டத்துக்குப் போயின, சாகுபடி மீண்டது. ஒரு புதிய மருந்தும் அந்த மாற்றத்தின் மையம் அல்ல. தனி ஒருவர் தன் வயலில் மட்டும் இதைச் செய்தால் பலன் குறைவு. சுற்றியுள்ளவர்களோடு பேசி நடவு நாளை ஒருங்கமைப்பது, எவ்வளவு கடினமானாலும், மருந்துச் செலவைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

வயலோரத்து ஊமத்தை, மணத்தக்காளி போன்ற செடிகள் வைரஸைத் தாங்கி வைத்திருக்கக்கூடியவை. குடைமிளகாய்ச் செடியில் சில வேளை வைரஸ் இருந்தும் அறிகுறி தெரியாது. நடவுக்கு முன்பே ஓரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும், நட்ட பிறகு செய்தால் அங்கிருந்த ஈக்கள் நேராகத் தக்காளிக்குத்தான் வரும். வெள்ளி நிற நிலப்போர்வை ஒளியைத் திருப்பி அனுப்பி ஈக்கள் இறங்குவதைக் குறைக்கும். செடி விரிந்து போர்வையை மறைக்கும்வரைதான் அதன் பலன், ஆனால் நமக்குத் தேவையான காலமும் அதுவே. பசுமைக்குடிலில், புற ஊதாக் கதிரை வடிகட்டும் மேலுறை நன்றாக வேலை செய்யும். வெள்ளை ஈ திசை அறிய அந்தக் கதிரைச் சார்ந்திருக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி ஈ வந்துவிட்டதா என்று சொல்லும் கருவி. அதை மட்டும் நம்பி ஈயை ஒழிக்க முடியாது.

எதிர்ப்பு இரகங்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இன்றைய இரகங்களில் உள்ள எதிர்ப்பு, காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து வந்தது. டிஒய்-1, டிஒய்-3 என்ற எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டும் சிலி நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து. டிஒய்-2 ஹாப்ரோகைட்டிஸ் என்ற முடி நிறைந்த காட்டினத்திலிருந்து. டிஒய்-1ம் டிஒய்-3ம் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று 2013இல் தெரியவந்தது. வைரஸின் மரபணுக்களை அடக்கும் செடியின் இயல்பான ஏற்பாட்டை அவை வலுப்படுத்துகின்றன. இவை உண்மையிலேயே பெரும் உதவி. ஆனால் இவை செடிக்குள் வைரஸ் புகுவதைத் தடுப்பதில்லை, பெருகுவதைத்தான் குறைக்கின்றன. ஆகவே நன்றாகக் காய்த்து நிற்கும் எதிர்ப்பு இரகச் செடியிலும் வைரஸ் இருக்கலாம், அங்கிருந்து ஈ எடுத்துச் செல்லவும் முடியும். வைரஸ்களும் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொண்டு புதிய வடிவங்கள் எடுக்கின்றன. மொராக்கோவில் எதிர்ப்பு இரகங்கள் பரவலான பிறகு, அப்படி உருவான ஒரு கலப்பு வைரஸ் பழைய வைரஸ்களை ஓரங்கட்டிவிட்டது. இரகத்தை நம்பி வலையையும் சுத்தத்தையும் கைவிட்டால், அந்த இரகத்தின் ஆயுளை நாமே குறைக்கிறோம்.

மருந்து அடிக்கும் முன், சுருண்டதெல்லாம் வைரஸ்தானா என்றும் பாருங்கள். கடும் வெயிலிலும் நீர் கூடிக் குறையும்போதும் அடி இலைகள் குழல் போலச் சுருண்டு தடிக்கும். நுனி நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் அது நோயல்ல. களைக்கொல்லிச் சாரல் பட்டால் இலை நூல் போலக் குறுகி முறுக்கும். நுனி மட்டும் கருத்துப் பழுப்பேறினால், வளையப் புள்ளிகள் தெரிந்தால், அது இலைப்பேன் பரப்பும் வேறு வைரஸ். பழத்தின் உள்ளே வெள்ளைத் திசுவும் வெளியே பழுக்காத கோடுகளும் தெரிந்தால், அது 'பி' வகைக் குஞ்சுகள் சாறு உறிஞ்சியதன் விளைவு. அதில் வைரஸே இல்லை, ஈயைக் கட்டுப்படுத்தினால் அடுத்த பழங்கள் சரியாக வரும். இலைச்சுருட்டல் வைரஸ் கத்தரிக்கோலிலோ கையிலோ ஒட்டிப் பரவுவதில்லை. விதை வழிப் பரவல் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வேறு ஆய்வுக்கூடங்கள் செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

இப்போது நிற்கும் பயிருக்கு வருகிறேன். சுருண்ட செடி மீளாது. சத்துத் தெளிப்பு அதைப் பச்சையாக்கலாம், வைரஸை வெளியேற்றாது. நட்டு ஐந்து வாரம் என்கிறீர்கள். சுருண்டவை பத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், இதுவரை பயன்படுத்தாத வகை மருந்தை ஒருமுறை இலையடியில் படும்படி அடித்து, மறுநாள் காலை, ஈக்கள் அதிகம் பறக்கத் தொடங்கும் முன், அந்தச் செடிகளைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக் கட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். அடுத்த மூன்று வாரமும் வாரம் இருமுறை நடந்து பார்த்துப் புதிதாகச் சுருள்பவற்றையும் எடுங்கள். அவை முன்பே தொற்றியவை, நீங்கள் செய்தது தோற்றுவிட்டது என்று அப்போது எண்ண வேண்டாம். செடிகளில் பாதிக்கு மேல் சுருண்டிருந்து காயும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பயிரைத் தாங்கிப் பிடிப்பது சுற்றுவட்டாரத்துக்கே நோய் வளர்ப்பதாக முடியும்; ஈயைக் கொன்றுவிட்டு முழுவதையும் எடுத்து, அந்த நிலத்தில் வெள்ளை ஈ அண்டாத தானியப் பயிர் ஒன்றைப் போடுங்கள். காய் பிடித்துவிட்ட செடிகள் அதிகம் இருந்தால் பிடுங்க வேண்டியதில்லை. தண்ணீரும் உரமும் ஒழுங்காகக் கொடுத்து இருப்பதை அறுவடை செய்துகொள்ளலாம், ஆனால் கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே வயலைக் காலி செய்துவிடுங்கள்.